சமாரியா முற்றுகை (2 இராஜாக்கள் 6:24–7:20): பிரதானியின் சந்தேகத்தை வகுப்பில் எப்படி நடத்துவது?

ஞாயிறுவகுப்பு எழுதியது:

பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பு. 75 நிமிடம், இருபத்தைந்து பேர் வரை. தலைப்பு: தேவனுடைய வல்லமைக்கு முன் விசுவாசமா, சந்தேகமா. பகுதி மேலே உள்ளதுதான். கதை சுருக்கமாக: சீரியர் முற்றுகையிட்டதால் சமாரியாவில் கொடிய பஞ்சம். நாளை இந்நேரத்திலே மா மலிவாக விற்கும் என்று எலிசா தீர்க்கதரிசி கர்த்தருடைய வார்த்தையைச் சொல்கிறார். ராஜாவின் அதிகாரியான பிரதானி, கர்த்தர் வானத்திலே மதகுகளை உண்டாக்கினாலும் இது நடக்குமா என்கிறான். அன்றே சீரியர் ஓடிவிடுகிறார்கள்; காலிப் பாளயத்தை முதலில் காண்பது நாலு குஷ்டரோகிகள். மறுநாள் சொன்ன விலைக்கே மா விற்கிறது, பிரதானி வாசலில் மிதிபட்டுச் சாகிறான். கையில் இருக்கும் குறிப்பு மூன்றே வரி:

1. பிரதானி சந்தேகப்பட்டான், மிதிபட்டுச் செத்தான்.
2. நாலு குஷ்டரோகிகள் நம்பிப் போனார்கள், சாப்பிட்டார்கள்.
3. ஆகவே நாமும் நம்ப வேண்டும்.

இதை 75 நிமிடத்துக்கு இழுத்தால் வகுப்பு தூங்கிவிடும். பகுதியில் இன்னும் என்ன இருக்கிறது, எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எஸ்றாமேசை எழுதியது:

இரண்டாவது வரியை முதலில் அடித்துவிடுங்கள். அந்த நாலு பேரும் எதையும் நம்பிப் போகவில்லை. எலிசா சொன்ன வார்த்தை அவர்கள் காதுக்கே வரவில்லை. அது ராஜாவின் ஆட்களுக்கு முன்னால் சொல்லப்பட்டது, இவர்கள் வாசலுக்கு வெளியே இருந்தார்கள். 7:3-4 முழுக்க வெறும் கணக்கு. ஊருக்குள் போனால் பஞ்சத்தில் சாவோம், இங்கேயே இருந்தாலும் சாவோம், சீரியரிடம் போனால் ஒருவேளை உயிரோடு வைப்பார்கள், இல்லாவிட்டால் சாவோம். மூன்றில் எதில் கொஞ்சமாவது வழி இருக்கிறதோ அதை எடுத்தார்கள். கன்வென்ஷன் மேடைகளில் "விசுவாச அடி எடுத்து வைத்த நால்வர்" என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் வசனத்தில் இல்லாதது நமக்கு இருப்பதுபோல் தெரிகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். சீரியர் அன்று சாயங்காலமே ஓடிவிட்டார்கள் (7:7). நால்வரும் எழுந்து போனதும் அதே சாயங்கால இருட்டில் (7:5). அவர்கள் போனதால் சீரியர் ஓடவில்லை. கர்த்தர் கேட்கப்பண்ணின இரைச்சலால் ஓடினார்கள் (7:6).

இதை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும். இந்தக் கதையில் எலிசாவைத் தவிர நம்பினது யார்? ராஜா நம்பினதாகத் தெரியவில்லை, பிரதானி இல்லவே இல்லை, குஷ்டரோகிகளுக்குச் சங்கதியே தெரியாது. யாரும் நம்பாத ஒரு ஊரில் சொன்ன வார்த்தை சொன்ன நேரத்தில் நடந்தது. வகுப்பின் முதுகெலும்பு இதுதான் என்பேன். பிரதானியின் சந்தேகம் தேவனுடைய கையைக் கட்டவில்லை. அவனை மட்டும் பந்திக்கு வெளியே நிறுத்தியது. "உன் கண்களினாலே நீ அதைக் காண்பாய்; ஆனாலும் அதிலே சாப்பிடமாட்டாய்" (7:2) என்பதில் இரண்டு பாதியையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். முதல் பாதியை விட்டுவிட்டால் பாடமே மாறிவிடும்.

---

மரக்கால் எழுதியது:

விலைப்பட்டியலைப் பலகையில் எழுதாமல் இந்தப் பகுதியை நடத்தாதீர்கள். பிரதானி எதைக் கேட்டு நகைத்தான் என்பது எண்ணில்தான் புரியும்.

6:25 முற்றுகைக்கால விலை: கழுதைத்தலை 80 வெள்ளிக்காசு, காற்படி பயறு 5 வெள்ளிக்காசு.
7:1 மறுநாள் விலை: ஒரு மரக்கால் கோதுமைமா 1 சேக்கல், இரண்டு மரக்கால் வாற்கோதுமை 1 சேக்கல்.

யூதா பகுதியில் அகழ்ந்தெடுத்த எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் 11.3 கிராமுக்குச் சற்றுக் கூட. வெள்ளிக்காசைச் சேக்கலாக எடுத்தால் 80 சேக்கல், ஏறத்தாழ 900 கிராம் வெள்ளி. வாங்குவது என்ன? அசைபோடாத, விரிகுளம்பு இல்லாத, லேவியராகமம் 11-இன்படி தீட்டான ஒரு மிருகம். அதிலும் மாமிசம் குறைந்த தலை. அடிமையை மாடு முட்டிக் கொன்றால் நஷ்டஈடு 30 சேக்கல் (யாத். 21:32). சமாரியா மலையை இஸ்ரவேல் ராஜா உம்ரி வாங்கினது இரண்டு தாலந்துக்கு (1 இரா. 16:24), தாலந்துக்கு 3,000 சேக்கல் வீதம் 6,000. அதாவது 75 கழுதைத்தலை விலையில் அந்த ஊர் நிற்கும் மலையையே வாங்கியிருக்கலாம்.

பயறுக் கணக்கு இன்னும் பயங்கரம். தமிழில் காற்படி என்று இருக்கும் அளவு எபிரெய வசனத்தில் கால் காப். பழைய யூத அளவு முறையில் ஆறு காப் ஒரு மரக்கால். ஆகவே 24 கால் காப் ஒரு மரக்கால், 24 × 5 = 120 சேக்கல். இன்றைக்கு மரக்கால் பயறு 120 சேக்கல், நாளைக்கு மரக்கால் மா 1 சேக்கல், வாற்கோதுமை அரை சேக்கல். இப்படி ஒரு வீழ்ச்சி ஒரே இரவில் வரும் என்று சொன்னால் பண்டசாலைக் கணக்குத் தெரிந்த எந்த அதிகாரியும் முகம் சுளிப்பான். அதை வகுப்பு முதலில் உணரட்டும். அவனை முட்டாளாகக் காட்டினால் பாடம் செத்துப்போகும்.

ஒரு துணைக் குறிப்பு. பாபிலோன் பக்கம், இதற்குப் பல நூற்றாண்டு முந்திய எஷ்நுன்னா சட்டத் தொகுப்பின் முதல் விதியே ஒரு சேக்கலுக்கு ஒரு கோர், சுமார் 300 லிட்டர், வாற்கோதுமை என்கிறது. எலிசா சொன்ன இரண்டு மரக்கால் அதிகம் போனால் 15 லிட்டர். ஊரும் காலமும் வேறு, அரசு குறித்த விலையைச் சந்தை விலையாகவும் எடுக்க முடியாது. ஆனாலும் மறுநாள் விலை "அடிமாட்டு விலை" அல்ல என்று புரிகிறது. வானத்து மன்னா பொழியும் என்று எலிசா சொல்லவே இல்லை. வாசலில் சந்தை திறக்கும், பணம் கொடுத்து வாங்குவீர்கள் என்றுதான் சொன்னார். வானத்து மதகு என்ற பேச்சை இழுத்தவன் பிரதானி.

---

சாரோன்மலர் எழுதியது:

மரக்கால் அண்ணன் கடைசியில் சொன்னது முக்கியம். "வானத்திலே மதகுகள்" நோவா காலத்து வெள்ளத்தை (ஆதி. 7:11) ஞாபகப்படுத்துகிற பேச்சு. தேவனுக்கு வல்லமை இல்லை என்று அவன் நேராகச் சொல்லவில்லை. வல்லமை எந்த வழியாக வர முடியும் என்று ஒரே ஒரு வழியை அவனே தீர்மானித்து, அந்த வழியில் வந்தாலும் போதாது என்று முடிவும் சொல்லிவிட்டான். கடைசியில் மா வந்தது எங்கிருந்து? சீரியரின் பாளயத்திலிருந்து, நடக்கிற தூரத்திலிருந்து.

ஆனால் வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: மோசே இதையே கேட்டானே, அவனுக்கு ஏன் தண்டனை இல்லை? எண்ணாகமம் 11:21-22. காலாட்கள் ஆறு லட்சம், ஒரு மாசம் முழுக்க இறைச்சி, ஆடுமாடுகளை அடித்தாலும் சமுத்திரத்து மீனையெல்லாம் சேர்த்தாலும் போதுமா என்கிறான். கணக்குப் பார்த்துச் சந்தேகப்பட்டதில் இருவரும் ஒன்று. பதில், "கர்த்தருடைய கை குறுகியிருக்கிறதோ?" அவ்வளவுதான், அடி இல்லை.

எலிசாவின் பணிவிடைக்காரனும் 20 அப்பத்தை நூறு பேருக்கு எப்படி வைப்பது என்று கேட்டான் (2 இரா. 4:43). இயேசுவின் சீஷன் பிலிப்பு, கூடிவந்த ஜனங்களுக்கு 200 பணத்து அப்பம் போதாது என்றான் (யோவான் 6:7). யாருக்கும் தண்டனை வரவில்லை. கேட்டபிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மோசே புறப்பட்டுப் போய் ஜனங்களுக்கு அந்த வார்த்தையைச் சொன்னான் (எண். 11:24). பணிவிடைக்காரன் அப்பத்தை எடுத்து வைத்தான். சீஷர் ஜனங்களை உட்காரவைத்தார்கள். சந்தேகம் வாயில் இருந்தது, கால் சொன்னபடி நடந்தது. பிரதானி எதுவும் செய்யவில்லை. அவன் பேச்சு கேள்வி உருவத்தில் இருக்கிற தீர்ப்பு.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. மோசே கர்த்தரிடமே பேசுகிறான். பிரதானி அப்போதுதான் எலிசாவின் தலையை எடுப்பதாகச் சபதம் போட்ட ராஜாவின் (6:31) பக்கத்தில் நின்று பேசுகிறான்.

---

தோட்டக்காரன் எழுதியது:

எல்லாரும் சந்தேகத்தை மெழுகிவிடப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எபிரெயர் 11:6 விசுவாசமில்லாமல் தேவனுக்குப் பிரியமாயிருப்பது கூடாதகாரியம் என்கிறது. யாக்கோபு 1:6-7 சந்தேகப்படுகிறவன் எதையாகிலும் பெறலாமென்று நினையாதிருப்பானாக என்கிறது. "சந்தேகம் தேவனுடைய கையைக் கட்டவில்லை" என்றால் மாற்கு 6:5-6-ஐ என்ன செய்வீர்கள்? நாசரேத்தில் இயேசுவால் ஒரு அற்புதமும் செய்யக்கூடாமற்போயிற்று என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

---

எஸ்றாமேசை எழுதியது:

ஐயா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். வகுப்பிலும் இது வரும்.

மாற்கு 6:5-ஐ அதே வசனத்தின் அடுத்த பகுதியோடு வாசியுங்கள்: சில நோயாளிகள்மேல் கைகளை வைத்து அவர்களைக் குணமாக்கினார். அந்த ஊரிலேயே சிலர் சுகமானார்கள். மத்தேயு 13:58 அவர் அநேக அற்புதங்களைச் செய்யவில்லை என்கிறது, காரணம் அவிசுவாசம் என்றும் சொல்கிறது. எனவே அவிசுவாசம் ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். நாசரேத்தார் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை; தங்களுக்கு வரவேண்டியதை இழந்தார்கள். பிரதானியும் அப்படித்தான். இழப்பு சந்தேகித்தவன் பக்கம், வல்லமையின் பக்கம் அல்ல. இரண்டு இடமும் ஒத்துப்போகிறது.

யாக்கோபு 1-இல் இருமனமுள்ளவன் கேட்பது ஞானத்தை (1:5). நோய் சுகமாகாதவர்களை அளக்கும் கோலாக அந்த வசனத்தை எடுப்பது அதன் இடத்தை விட்டு வெளியே போவது.

அதோடு மாற்கு 9:24-ஐயும் தட்டில் வையுங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்ற தகப்பன் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். பிள்ளை சுகமானான்.

---

தோட்டக்காரன் எழுதியது:

நாசரேத் விளக்கம் சரி. ஆனாலும் பிரதானியின் முடிவை மென்மையாக்காதீர்கள். 7:17-20 அவன் செத்ததை இரண்டு தரம் சொல்கிறது, நடுவில் முழு உரையாடலையும் திரும்ப எழுதுகிறது. எழுதினவருக்கு அது முக்கியம்.

---

கீழைவாசல் எழுதியது:

ராஜாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. பிரதானியைவிட அவன்தான் சுவாரசியம்.

அவன் தேவனை அறியாதவன் அல்ல. கொஞ்சம் முந்தி, அதே அதிகாரத்தில், சீரியர் எங்கே பாளயமிறங்குவார்கள் என்று எலிசா சொல்லியனுப்பி, அவன் பலதரம் தப்பியிருக்கிறான் (6:9-10). கண்மயங்கின சீரிய சேனை சமாரியாவுக்குள்ளேயே கொண்டுவரப்பட்டதைப் பார்த்தவன். உள்ளே இரட்டு, அதாவது துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுத் துணி, உடுத்தியிருந்தான் (6:30). ஆனால் கஷ்டம் உச்சத்துக்கு வந்ததும், இனிக் கர்த்தருக்காகக் காத்திருக்கவேண்டியது என்ன என்ற வார்த்தை வருகிறது (6:33). இந்த அரசவைக்குச் சாட்சி குறைவில்லை. பார்த்ததை அடுத்த நெருக்கடிக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை, அதுதான் குறை. வகுப்பில் 6:8-23-ஐ ஐந்து நிமிடம் சுருக்கிச் சொல்லாமல் 6:24-க்குள் இறங்கினால் இது தெரியாது.

அடுத்து 7:12. பாளயம் காலி என்ற சேதி வந்ததும் ராஜா இது சூழ்ச்சி, வெளியே ஒளிந்திருக்கிறார்கள் என்கிறான். இதை அவிசுவாசம் என்று அடிப்பவர்கள் உண்டு. போர்முறையாகப் பார்த்தால் அந்தப் பயம் நியாயமானது. பின்வாங்குவதுபோல் நடித்து நகரத்தாரை வெளியே இழுத்து ஆயி பட்டணத்தைப் பிடித்தது யோசுவாவேதான் (யோசுவா 8). பட்டினி கிடக்கும் ஊரைத் திறக்க வைக்க இதைவிட நல்ல தந்திரம் கிடையாது.

ஆனால் ஊழியக்காரரில் ஒருவன் சொன்னதைக் கவனியுங்கள் (7:13): மீந்திருக்கிற குதிரையில் ஐந்தை அனுப்பிப் பார்க்கலாம், இங்கே இருந்தாலும் அவை சாகத்தான் போகின்றன. ராஜா இரண்டு இரதக் குதிரைகளோடு ஆட்களை அனுப்புகிறான். அவர்கள் யோர்தான்வரை போகிறார்கள். சமாரியாவிலிருந்து அந்த ஆறு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வழியெல்லாம் வஸ்திரமும் தட்டுமுட்டும் கிடக்கிறது. திரும்பிவந்து சொன்ன பிறகே ஜனங்கள் வெளியே போகிறார்கள், வார்த்தை நிறைவேறுகிறது. ஆக, சோதித்துப் பார்த்தது வாக்குத்தத்தத்தைக் கெடுக்கவில்லை. ஜனங்கள் மாவை எட்டினதே அந்த வழியாகத்தான்.

"விசுவாசம் இருந்தால் விசாரிக்கக் கூடாது" என்று யாராவது சொன்னால் இந்த மூன்று வசனத்தைக் காட்டுங்கள்.

---

ஞாயிறுவகுப்பு எழுதியது:

பழைய குறிப்பைக் கிழித்தாயிற்று. இன்னும் இரண்டு கேள்வி. வகுப்பில் நீண்ட நாள் நோயாளிகள் இருக்கிறார்கள். "நாளை இந்நேரத்திலே" என்பதை அவர்கள் தங்களுக்கான வாக்காகப் பிடித்துக்கொண்டால் என்ன சொல்வது? 6:28-29 (பிள்ளையைச் சமைத்துத் தின்ற தாய்மார்) வாசிப்பதா, தாண்டுவதா?

---

சாரோன்மலர் எழுதியது:

முதல் கேள்வியில்தான் அதிகம் கெட்டுப்போகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக.

"நாளை இந்நேரத்திலே" என்ற வாக்கு ஒரு ஊருக்கு, ஒரு நாளுக்கு, ஒரு பொருளுக்கு, பெயர் சொல்லிக் கொடுத்தது. கர்த்தர் சொன்னதைப் பிரதானி மறுத்தான். கர்த்தர் சொல்லாத ஒன்றை நாமே தேதி குறித்து, அது நடக்காதபோது "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்பது வேறே காரியம். ஒருவருக்கு இருபத்துநாலு மணி நேரத்தில் கடன் தீரும் என்று ஜெபக்கூட்டத்தில் சொல்லிவிட்டு, தீராதபோது அவரைப் பிரதானி வரிசையில் நிறுத்துவது இந்தப் பகுதிக்குச் செய்கிற அநியாயம்.

மருந்தைப் பற்றிக் கேட்டால் இதே புத்தகத்திலேயே பதில் இருக்கிறது, வேறே எங்கும் போக வேண்டாம். 2 இராஜாக்கள் 20. வியாதியாய்க் கிடந்த யூதாவின் ராஜா எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுப்பேன், மூன்றாம் நாள் ஆலயத்துக்குப் போவாய் என்று வாக்கு. அடுத்த வசனத்தில் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார், அதைப் பிளவையின்மேல் வைத்தார்கள் (20:7). வாக்கும் மருந்துப் பற்றும் ஒன்றாக. எசேக்கியா அடையாளமும் கேட்டான், நிழல் பத்துப் பாகை பின்வாங்கியது, கண்டனம் ஒன்றும் இல்லை.

வகுப்பில் பொதுவாகச் சொல்லாமல் நேராகச் சொல்லுங்கள். காசநோய் மாத்திரையைச் சாதாரண வகைக்கு ஆறு மாசம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டு மாசத்தில் இருமல் நின்றதும் "சுகமாகிவிட்டேன்" என்று நிறுத்தினால் மிஞ்சின கிருமி மருந்துக்கு மசியாததாக மாறித் திரும்ப வரும், வீட்டாருக்கும் பரவும். முதல் வகைச் சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. சுகம் கிடைத்ததா என்று மருத்துவரைப் பரிசோதிக்கச் சொல்வது சந்தேகம் அல்ல. சுகமான குஷ்டரோகியிடம் "ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி" என்று இயேசுவே சொன்னார் (மாற்கு 1:44).

---

எஸ்றாமேசை எழுதியது:

6:28-29-ஐப் பெரியவர்கள் வகுப்பில் தாண்டாதீர்கள். உபாகமம் 28:53-57-இல் முன்னறிவித்த சாபம் இங்கே நடக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகருங்கள். விவரிக்க வேண்டாம். அண்மையில் பிள்ளையை இழந்தவர் வகுப்பில் இருந்தால் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு 6:25-லிருந்து நேராக 7:1-க்குப் போய்விடலாம்.

நேரப் பங்கீடு இப்படி வைத்துப் பார்க்கலாம்:

பின்னணி (6:8-23) 5 நிமிடம். 6:24–7:20 வாசிப்பு 10 நிமிடம்; நான்கு குரல்கள் போதும்: கதை சொல்பவர், ராஜா, எலிசா, பிரதானி. குஷ்டரோகிகளின் பேச்சைக் கதை சொல்பவரே வாசிக்கட்டும். பிறகு விலைப்பட்டியல் 10 நிமிடம். கணக்கை வகுப்பாரே போடட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அதன்பின் 25 நிமிடம் ஒரே கேள்விக்கு: பிரதானி, மோசே, எலிசாவின் பணிவிடைக்காரன் மூவரும் கணக்குப் பார்த்தார்கள், எங்கே பிரிகிறார்கள்? ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரே தாளில் எண். 11:21-24, 2 இரா. 4:42-44, 2 இரா. 7:1-2 மூன்றையும் அச்சடித்துக் கொடுங்கள். பக்கம் புரட்டுவதிலேயே பத்து நிமிடம் போகாமல் இருக்கும். அடுத்த 15 நிமிடம் ராஜாவின் வேவுக்காரர், எசேக்கியாவின் அத்திப்பழம், மருந்துப் பேச்சு. மீதி 10 ஜெபத்துக்கும் தாமதத்துக்கும்.

---

மரக்கால் எழுதியது:

ஒரு எச்சரிக்கை. கணக்குப் போடச் சொன்னால் சிலர் வெள்ளியை இன்றைய கிராம் விலைக்கு மாற்றி லட்சக்கணக்கில் சொல்ல ஆரம்பிப்பார்கள். அன்றைய வெள்ளியின் மதிப்பு வேறு. அந்தப் பாதையில் போனால் பத்து நிமிடம் இருபதாகும். அடிமைக்கு 30, மலைக்கு 6,000, தலைக்கு 80 என்று வேதத்துக்குள்ளேயே ஒப்பிடச் சொல்லுங்கள்.

---

கீழைவாசல் எழுதியது:

7:9-க்கும் இடம் ஒதுக்குங்கள். நால்வரும் இரண்டு கூடாரத்துப் பொருளை ஒளித்துவைத்த பிறகே "நாம் செய்கிறது நியாயமல்ல" என்றார்கள். விடியுமட்டும் காத்திருந்தால் குற்றம் சுமரும் என்ற பயமும் கலந்திருக்கிறது. விசுவாச வீரர் பட்டத்தைப் பிடுங்கிவிட்டோம், இந்த நல்ல பெயரையாவது கொடுப்போம். சேதியை ராத்திரியிலேயே சொன்னவர்கள் அவர்கள்தான்.

---

தோட்டக்காரன் எழுதியது:

பங்கீட்டில் 7:17-20-க்குத் தனி நேரம் இல்லை. வாசிப்போடு கரைந்துவிடும். பிரதானியை வாசலில் வைத்தது ராஜாதானே? சந்தையைப் பார்க்கவும் மாவை எட்டாதிருக்கவும் ஒரே இடம் அது. அதைச் சுட்டாமல் விடாதீர்கள்.

---

எஸ்றாமேசை எழுதியது:

சரி ஐயா. முதல் வாசிப்பை 7:16-இல் நிறுத்திவிட்டு, குழுப் பேச்சு முடிந்தபின் 17-20-ஐ வாசிக்கலாம். அப்போது "எங்கே பிரிகிறார்கள்" என்று பேசினவர்கள், அவன் எங்கே பிரிந்தான் என்று தெரிந்துகொண்டு அவன் செத்ததைக் கேட்பார்கள். மூன்று நிமிடம் போதும்; அதை ஜெப நேரத்திலிருந்து எடுக்காமல் மருந்துப் பேச்சின் 15-லிருந்து எடுங்கள்.

---

ஞாயிறுவகுப்பு எழுதியது:

அப்படியே மாற்றிக்கொள்கிறேன். மருந்துப் பகுதி 12 நிமிடம், வேவுக்காரர் அதில் நாலு. மூன்று வேதபாகமும் ஒரு தாளில் பெரிய எழுத்தில், ஆறு பிரதி அச்சுக்குப் போகிறது.